இரவுப் பணிக்கு மாற்றும் முன் அவகாசம் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினோரு ஆண்டுகள் பகல் பணியில் மட்டுமே இருந்த என்னை, ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் மேலாளர் அழைத்து, வரும் திங்கள் முதல் இரவுப் பணி என்றார். காரணம் கேட்டேன், ஆள் பற்றாக்குறை என்றார். அது உண்மைதான். இரவில் இயந்திரங்கள் ஓடுகிற வரையில் யாராவது விழித்திருந்துதான் ஆக வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால், அந்த மாற்றத்துக்குத் தயாராக எனக்குக் கிடைத்தவை இரண்டு நாள் விடுமுறையும், “போகப் போகப் பழகிவிடும்” என்ற ஆறுதலும் மட்டுமே. பெரும்பாலும் இரவிலும் இடையிடையே மாலையிலுமாக ஆறு மாதங்களை ஓட்டிவிட்ட நிலையில், அந்த ஆறுதலைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் வேலை, கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து மணிக்கொரு முறை மானிகளின் அளவுகளைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது. அந்தத் திங்களன்று வழக்கம்போல் காலை 6 மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. பிற்பகலில் படுத்துப் பார்த்தேன்; புரண்டதுதான் மிச்சம். இரவு 10 மணிக்குப் பணியில் அமர்ந்தேன். விடிந்ததும் என்னை விடுவிக்க வந்த நண்பர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, 4 மணிக்கான வரிசையில் விரலை வைத்து, “இது என்ன?” என்று கேட்டார். அதில் இருந்த எண்கள் அனைத்தும் 3 மணிக்கு எழுதியவற்றின் நகல். கடைசி எண் மட்டும் கட்டத்தைத் தாண்டிக் கோட்டின் மீது சரிந்து கிடந்தது. கையெழுத்து என்னுடையதுதான், எழுதிய நினைவு மட்டும் எனக்கு இல்லை. நல்ல வேளையாக அன்று மானிகளில் பெரிய ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான், அந்த 4 மணிக்கு நான் தொடர்ந்து 22 மணி நேரம் விழித்திருந்தேன் என்பது உறைத்தது. உறக்கமின்றி 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்திருப்பவரின் செயல்திறனுக்கு இறங்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் கண்டறிந்தார்கள். பல நாடுகளில் வாகனம் ஓட்டுவோருக்கான சட்ட வரம்பே அந்த அளவுதான். குடித்துவிட்டு வருபவரை வாயிலிலேயே நிறுத்தும் நிர்வாகம், முதல் நாள் இரவுப் பணிக்கு வருபவரிடம் “இன்று பகலில் தூங்கினீர்களா?” என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பழகிவிடும் என்பவர்கள், இதை மன உறுதி சார்ந்த விஷயம் என்று எண்ணுகிறார்கள். மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20 ஆயிரம் நரம்பணுக்களைக் கொண்ட ஒரு சிறிய திரள் நம் உடலின் கடிகாரமாக இயங்குகிறது. (இந்தக் கடிகாரத்தை உயிரணுக்களுக்குள் ஓடச் செய்யும் மரபணுக்களைப் பற்றிய ஆய்வுக்குத்தான் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.) அது நம் விருப்பத்தைக் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்வதில்லை, கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டே மாற்றிக்கொள்கிறது. தொலைதூர நாட்டுக்குப் பறந்து செல்பவருக்கு அந்த ஊர்ச் சூரியனே துணைக்கு வருவதால், சில நாட்களில் அவர் தேறிவிடுகிறார். இரவுப் பணியாளருக்கோ சூரியன் எதிர்க்கட்சி. இரவு முழுவதும் விழித்திருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்த கடிகாரத்தை, வீடு திரும்பும் வழியில் முகத்தில் அடிக்கும் காலை வெயில் பழைய இடத்துக்கே தள்ளிவிடுகிறது. வார விடுமுறையில் குடும்பத்தோடு இரவு உறங்கிப் பகலில் விழித்திருந்தால், எஞ்சியிருந்த சிறு நகர்வும் கலைந்துவிடும். அதனால்தான் ஆண்டுக்கணக்கில் இரவுப் பணி பார்ப்பவர்களிலும் பெரும்பாலோரின் உடல் முழுமையாக இரவுக்கு மாறுவதேயில்லை.

என்னால் முடிந்ததைச் செய்தேன். வெயில் கண்ணில் படாதிருக்கக் கறுப்புக் கண்ணாடி அணிந்து வீடு திரும்புகிறேன், சன்னலுக்குக் கெட்டியான துணி கட்டியிருக்கிறேன். காலையில் நான்கைந்து மணி நேரமும், பணிக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரமுமாக உறக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டதுதான் இவற்றில் பெரிதும் உதவியது. காபியை நள்ளிரவுக்குப் பிறகு தொடுவதில்லை. உள்ளே சென்ற காஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், அதிகாலையில் குடிக்கும் காபி காலை உறக்கத்தைத்தான் கெடுக்கிறது. இடைவேளையில் 20 நிமிடக் கண்ணயர்வு மருந்துபோல் வேலை செய்கிறது. அது அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழும் மந்தம் விலக வெகுநேரம் ஆகிறது. ஆனால், எங்கள் விதிமுறைப்படி அந்த 20 நிமிடமும் குற்றம்.

இவற்றையெல்லாம் விடக் கடினமானது, பகலில் உறங்குபவர் உண்மையாகவே உறங்குகிறார் என்று மற்றவர்களை நம்ப வைப்பது. இரவு 2 மணிக்கு ஒருவரை எழுப்ப ஆயிரம் முறை யோசிப்பவர்கள், பகல் 11 மணிக்கு “ஒரு நிமிடம்தான்” என்று தட்டி எழுப்புகிறார்கள். நான் இரவு முழுவதும் பணியில் இருந்தேன் என்பதை அறிந்த அலுவலகப் பிரிவினரே, அடையாள அட்டை விவரம் கேட்டு நண்பகலில் தொலைபேசியில் அழைப்பார்கள். எங்கள் வீட்டில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது எட்டு வயது மகள்தான். என் அறைக் கதவில், “அப்பாவுக்கு இப்போது ராத்திரி” என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1990இல் நிறைவேற்றிய 171ஆம் எண் உடன்படிக்கை, இரவுப் பணியில் அமர்த்தும் முன்பும் அதன் பின் குறிப்பிட்ட இடைவெளிகளிலும், பணியாளர் கேட்டால் கட்டணமின்றி உடல்நலப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது. இரவுப் பணியைப் புகுத்தும் முன் பணியாளர்களின் பிரதிநிதிகளைக் கலந்து பேச வேண்டும் என்றும் சொல்கிறது. அதை ஏற்று உறுதி செய்த நாடுகள் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியை “அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவை” என்ற வகையில் 2007இல் சேர்த்து, 2019இலும் அதை உறுதி செய்தது. இதைப் படித்துவிட்டு யாரும் பீதியடைய வேண்டியதில்லை. அந்த வகைப்பாடு சான்றுகளின் வலுவைக் குறிப்பதே தவிர, ஆபத்தின் அளவைக் குறிப்பதில்லை. ஆனாலும், வெள்ளிக்கிழமை மாலை நின்றபடியே சொல்லி முடிக்கும் அளவுக்கு இது சிறிய செய்தி இல்லை என்பதற்கு அது போதும்.

நான் கேட்பது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. பணிப் பட்டியலை ஒரு மாதம் முன்னதாக ஒட்டுங்கள். சுழற்சியைக் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் முன்னோக்கிக் கொண்டு செல்லுங்கள். உறங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது உடலுக்கு எளிது, முன்னே இழுப்பதுதான் கடினம். காலை 6 மணிக்கு வெளியேறியவரை அன்றே பிற்பகல் 2 மணிக்குத் திரும்ப அழைத்துவிட்டு, எட்டு மணி நேர ஓய்வு தந்ததாகக் கணக்குக் காட்டாதீர்கள். முதல் இரவுக்கு முந்தைய நாள்களிலேயே உறங்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகத் தள்ளிவைக்க எனக்கு ஒரு வாரம் கிடைத்திருந்தாலும், அந்த 4 மணி வரிசையில் உண்மையான எண்கள் இருந்திருக்கக்கூடும். இரவுப் படி தருகிறோமே என்கிறார்கள். வாங்கிக்கொள்கிறேன், ஆனால் என் மேற்பார்வையில் ஓடும் இயந்திரத்துக்கு அந்தப் படியால் என்ன பயன் என்று தெரியவில்லை.

இன்று தேதி 28. அடுத்த மாதப் பட்டியல் எங்கள் அறிவிப்புப் பலகையில் இன்னும் ஒட்டப்படவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத இரவுப் பணியாளர்