பாப்பாவுக்கு, கிளம்புவதற்கு முன்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நீ அனுப்பிய ஒற்றை வரியை எனக்குப் படித்தும் காட்டினாள். சரி, யாருக்கு அனுப்பினால் என்ன, வீட்டுக்குத் தகவல் வந்தது. அதைப் பற்றி எழுத வரவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் அந்த 400 கிலோமீட்டரை ஓட்டப்போகிறாய், பின் சீட்டில் சின்னவனோடு. போனில் சொல்ல ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், ஆனால் படி.

முதலில் ஒன்று. டிராபிக் எப்படி இருக்கிறது என்று வண்டி கிளம்புவதற்கு முன்னால் பார். வண்டி நகர்ந்த பிறகு பார்க்காதே. போகும் இடத்தைப் போட்டு, பாதையைத் தேர்ந்தெடுத்து, குரலை ஆன் செய்து, போனை அந்தத் தாங்கியில் மாட்டிவிட்டு அப்புறம் சாவியைத் திருப்பு. சின்னவன் பெல்ட் போட்டானா என்று பார்க்கிற மாதிரி இதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான்.

மேப்பில் சாலை சிவப்பாக இருந்தால் பதறாதே. அங்கே யாரோ நின்று பார்த்துச் சொல்வதில்லை. அந்தச் சாலையில் போகிறவர்களின் போன்கள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதைப் பெயர் இல்லாமல் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள், பெரும்பாலும் அதிலிருந்துதான் நிறம் வருகிறது. போன்கள் ஊர்ந்தால் சிவப்பு. 2020-இல் சிமோன் வெக்கர்ட் என்ற கலைஞர் பெர்லினில் 99 போன்களை ஒரு கைவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார், காலியாகக் கிடந்த தெரு கூகுள் மேப்பில் சிவப்பாகிவிட்டது. இந்தக் கதையைச் சொன்ன அன்று முழுக்க சின்னவன் அம்மாவின் போனைப் பொம்மை லாரியில் வைத்து இழுத்தானே, ஞாபகம் இருக்கிறதா. அவனுக்கு என் மூளை என்று நான் சொன்னேன், நீ முறைத்தாய்.

ஆனால் எனக்குக் கவலை சிவப்பு இல்லை. ஒரு நிறமும் இல்லாத சாலைதான். அது காலியான சாலை என்று அர்த்தம் இல்லை, அங்கே தகவல் சொல்லப் போதுமான போன்கள் ஓடவில்லை என்றும் இருக்கலாம். ராத்திரியில் நீ போகிற அந்த நடுப்பகுதி அப்படித்தான். சிக்னல் போய்விட்டாலும் இதே கதைதான். மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் செய்து வைத்திருந்தால் வழி காட்டும், ஜிபிஎஸ்ஸுக்கு இன்டர்நெட் தேவையில்லை, நீ எங்கே இருக்கிறாய் என்பதைச் செயற்கைக்கோளிடமிருந்து அது பிடித்துக்கொள்ளும். டிராபிக் மட்டும் வராது. வழி வருகிறதே, எல்லாம் வருகிறது என்று நினைத்துவிடாதே. டவுன்லோட் செய்துவிட்டாய்தானே? இல்லையென்றால் வியாழக்கிழமை ராத்திரியே செய்.

அப்புறம், 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சிவப்பை இப்போதே பார்த்து வழி மாற்றாதே. நீ அங்கே போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகும், அதற்குள் அது கரைந்திருக்கும், அல்லது வேறு எங்காவது புதிதாக முளைத்திருக்கும். எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருவாய் என்று சொல்வதில் வழக்கமான நெரிசலையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறார்கள், ஆனால் நீ கிளம்பிய பிறகு நடக்கப்போகிற விபத்தை யார் சொல்ல முடியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்து, கால் நீட்டு, சின்னவனை இறக்கி நடக்கவிடு, அடுத்த 100 கிலோமீட்டரை மட்டும் அப்போது பார். நீ நிறுத்த மாட்டாய், அது எனக்குத் தெரியும். ஒரேயடியாக ஓட்டிவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுப்பாய். பெரியப்பா கதையை நான் மறுபடி சொல்ல வேண்டுமா?

"நான்கு நிமிடம் மிச்சம், இந்த வழியில் போ" என்று மேப் கேட்கும் பார், வேண்டாம் என்று விட்டுவிடு. அது நிமிடக் கணக்குதான் போடுகிறது. அந்தக் குறுக்குச் சாலையில் விளக்கு இருக்கிறதா, எதிரே லாரி வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா என்பதெல்லாம் உன் கவலை, அதன் கவலை இல்லை. நாற்பது நிமிடம் மிச்சம் என்றால் யோசி. நான்கு நிமிடத்துக்குப் பெரிய ரோட்டை விடாதே. பாலத்து ராத்திரி ஒன்று போதும் நம் குடும்பத்துக்கு.

முன்னால் போகிற வண்டிகள் திடீரென்று நின்றுவிட்டால் மேப்புக்கு அது தெரிய ஓரிரு நிமிடமாவது ஆகும். அந்த நேரத்தில் பச்சை என்று காட்டும் இடத்தில் வண்டிகள் நின்றுகொண்டிருக்கும். வரிசையின் வால்தான் ஆபத்து. தூரத்தில் பிரேக் விளக்குகளைப் பார்த்ததும் நான்கு இண்டிகேட்டரையும் போடு, பின்னால் வருகிறவனுக்கு நீதான் மேப். ஏன் நிற்கிறது என்று போனில் தேடாதே. காரணமே இல்லாமலும் நிற்கும். 2008-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள், 230 மீட்டர் வட்டத்தில் 22 கார்கள், எல்லாரும் ஒரே வேகத்தில் போக வேண்டும், தடை ஒன்றும் கிடையாது. கொஞ்ச நேரத்தில் ஒருவர் லேசாக வேகத்தைக் குறைக்க, பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, கடைசியில் சில கார்கள் நின்றே போயின. இதை நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று அம்மா கணக்கு வைத்திருக்கிறாள்.

நீ என்னைவிட நன்றாக ஓட்டுகிறாய். இதை உன்னிடம் நேரில் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். அன்றைக்கு மலையிலிருந்து கியரைக் குறைத்து பிரேக்கைத் தேய்க்காமல் இறக்கினாயே, பாதியில் அம்மா தூங்கிவிட்டாள். என் வண்டியில் அவள் 35 வருஷமாகத் தூங்கியதில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வருவாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அப்படி ஓட்டத் தெரிந்தவள் ஒரு வரி எழுத மட்டும் ஏன் இப்படி யோசிக்கிறாய் என்று புரியவில்லை. விடு.

போனைத் தொடாதே. கிளம்புவதற்கு முன்னால் பார், நகர்ந்த பிறகு பார்க்காதே, இதை முன்னாலேயே எழுதிவிட்டேன், பரவாயில்லை. வேஸ் மாதிரி சில மேப் ஆப்களில் ஓட்டுகிறவர்களே "இங்கே விபத்து, இங்கே பள்ளம்" என்று தட்டிச் சொல்கிறார்கள், நல்ல விஷயம்தான், பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் அவர் தட்டட்டும். உன் பக்கத்து சீட்டில் பை மட்டும்தான் இருக்கிறது. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 25 மீட்டர். இரண்டு நொடி கண்ணைத் திருப்பினால் 50 மீட்டரை நீ பார்க்காமலே கடந்துவிடுகிறாய்.

இந்தக் கணக்கை உனக்காகப் போடவில்லை. எனக்காகப் போட்டேன். எழுதிக்கொண்டே வந்ததில் இங்கே வந்து நிற்கிறேன், இதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் நான் உனக்குப் போன் செய்தேன், உனக்கு முன்னால் வெகுதூரத்தில் சாலை கருஞ்சிவப்பாகிவிட்டது என்று சொல்ல. டைனிங் டேபிளில் டேப்லெட்டை நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அம்மா "கண்ட்ரோல் ரூம்" என்று கிண்டல் செய்கிறாளே, அதே இடம். "ஓரமா நிறுத்து, சொல்றேன்" என்றேன். "நிறுத்திட்டேம்ப்பா, சொல்லு" என்றாய். நீ நிறுத்தவில்லை. நீ எங்கே இருக்கிறாய் என்று காட்டுகிற உன் புள்ளி திரையில் நகர்ந்துகொண்டே இருந்தது. விட்டுவிட்டுத் தாவியது, ஒரு வளைவைக் கடந்தது, ஒரு பாலத்தைக் கடந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் பேசினேன். சின்னவன் பின்னாலிருந்து "தாத்தா" என்று கத்தினான், அவனோடும் பேசினேன். இடது பக்கம் பிரியும் சாலையில் போ, இல்லை வேண்டாம், அடுத்ததில் போ என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். போனில் பதிவாகியிருக்கிறது, 11 நிமிடம். உன் வேகத்துக்கு 16 கிலோமீட்டருக்கு மேல். பொய் சொல்கிறாய் என்று தெரிந்தும் நான் வைக்கவில்லை, வைத்தால் உன் குரல் போய்விடும். அதுதான் உண்மை. நெரிசல் ஒரு சாக்கு.

ஒன்று தெரியுமா, நான் பயமுறுத்திய இடத்துக்கு நீ போய்ச் சேர்வதற்குள் அந்தச் சிவப்பு ஆரஞ்சாகி, பச்சையாகியும் விட்டது. அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல மறுபடி போன் செய்யலாமா என்றுகூட நினைத்தேன், அம்மா டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து என் திரையில் உன் புள்ளி இல்லை. முதலில் நெட் கோளாறு என்று நினைத்து டேப்லெட்டை அணைத்து அணைத்துப் போட்டேன். ஏன் என்று இப்போது கேட்கவில்லை. நானாக இருந்தால் நானும் அணைத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை நீ கிளம்பியதிலிருந்து சேரும்வரை நான் போன் செய்ய மாட்டேன். அம்மாவிடம் என் போனைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன், அவள் நம்பவில்லை. நீ வழியில் நிறுத்தும்போது தோன்றினால் கூப்பிடு, தோன்றாவிட்டால் வேண்டாம். வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்த பிறகு எனக்கும் ஒரு வரி. அம்மாவுக்கு அனுப்பியதையே அனுப்பினாலும் சரி.

சின்னவனின் நீல ஸ்வெட்டர் இங்கே இல்லை, அலமாரி முழுக்கத் தேடியாகிவிட்டது. உன் வண்டியின் பின் சீட்டுக்கு அடியில் பார்க்கச் சொன்னாள் அம்மா. வண்டி நின்றிருக்கும்போது.

அப்பா