ராத்திரி டியூட்டி சிஸ்டருக்கு நன்றி

பாப்பா ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்துட்டா. என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், அத திரும்ப எழுத இப்ப தெம்பு இல்ல. ரத்தம் குடுக்க ஓடி வந்தவங்க, பெரியவன தன் புள்ள மாதிரி பாத்துக்கிட்டவங்க, எந்நேரம் கூப்பிட்டாலும் போன் எடுத்த டாக்டருங்க, வார்ட சுத்தமா வச்சிருந்த அக்காங்க, எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

ஒருத்தங்கள பத்தி மட்டும் கொஞ்சம் நீளமா எழுதணும். ராத்திரி டியூட்டி சிஸ்டர். ஊசி போட வந்தவங்க கேஸ் ஷீட்ட பாத்துட்டு நின்னுட்டாங்க. "இது எமர்ஜென்சில குத்துமதிப்பா எழுதின எடை மாதிரி இருக்கும்மா, ஒருதடவ எடை பாத்துட்டே போடுறேன்"னு சொல்லி, டிரிப்ஸ் டியூப் இழுபடாம ஒரு கையால பிடிச்சுக்கிட்டே பாப்பாவ மெஷின்ல படுக்க வச்சாங்க. அப்புறம் இன்னொரு சிஸ்டர கூப்பிட்டு, ஒருத்தர் கணக்க ஒருத்தர் பாக்காம தனித்தனியா டோஸ் கணக்கு போட்டு, ரெண்டும் ஒத்துப்போன பிறகுதான் மருந்த சிரிஞ்சுல ஏத்தினாங்க.

ஏன் இவ்ளோ செக் பண்றீங்கன்னு கேட்டேன், சிஸ்டர் சொன்னாங்க. குழந்தைங்களுக்கு பெரும்பாலும் கிலோவுக்கு இவ்ளோன்னுதான் மருந்து, எடை தப்புன்னா டோஸும் தப்பு. 0.5ன்னு எழுத வேண்டியத வெறும் .5ன்னு எழுதி, அந்தப் புள்ளி கண்ணுல படலன்னா 5 ஆயிடும், பத்து மடங்கு, அந்தச் சின்ன உடம்பு எப்படித் தாங்கும்?

அதவிட பெரிய உதவி அடுத்து சொன்னதுதான். "யாரு மருந்து எடுத்துட்டு வந்தாலும், நானே வந்தாலும், கைப்பட்டைல பேரு பாத்தீங்களா, என்ன மருந்து, எவ்ளோன்னு கேளுங்கம்மா, நாங்க கோவிச்சுக்க மாட்டோம்." வெள்ளை கோட்ட பாத்தாலே வாய் அடைச்சுப் போற ஆளுங்க நாம, கேட்டா புள்ளைய சரியா பாக்காம விட்டுருவாங்களோன்னு பயம் வேற, அந்த பயத்த ஒரே வார்த்தைல எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கேட்டேன், யாரும் முகம் சுளிக்கல.

2025 செப்டம்பர் 17, உலக நோயாளி பாதுகாப்பு நாளுக்கு பச்சக் குழந்தைங்க, சின்னப் புள்ளைங்களோட பாதுகாப்பத்தான் உலக சுகாதார நிறுவனம் கருப்பொருளா வச்சிருந்துச்சு. அதெல்லாம் பெரிய இடத்துப் பேச்சுன்னு இருந்தேன், என் புள்ள கட்டில் பக்கத்துலயே அது நடந்துச்சு.

இனி ஆஸ்பத்திரில எந்த அம்மா அப்பாவ பாத்தாலும் இந்த மூணு கேள்விய சொல்லிக் குடுப்பேன். நிர்வாகத்துக்கும் லெட்டர் எழுதிட்டேன், அந்த சிஸ்டர பாராட்டுங்க, நிதானமா செக் பண்றவங்கள லேட்டுன்னு திட்டாதீங்க, ராத்திரி ஷிப்டுல ஆளக் குறைக்காதீங்க, ரெண்டாவது ஆள் இருந்தாதான் ரெண்டாவது கணக்கு நடக்கும்னு. தன் வேலைய அப்படியே விட்டுட்டு வந்து அந்தக் கணக்க போட்ட சிஸ்டருக்கும் மனசார நன்றி.