நெல்லூர் மாட்டின் மீதிக் கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓங்கோல் மாடு பிரேசில் போன கதையைச் சென்ற இதழில் படித்தேன். பழைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கத்து மாடு அங்கே ‘நெலோர்’ என்ற பெயரில் கொடிகட்டிப் பறக்கிறது, ஒரு பசுவை 40 கோடி ரூபாய்க்கு மதிப்புப் போட்டார்கள் என்பதெல்லாம் சரி, மாடு வளர்க்கிறவன் என்ற முறையில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த மாடு எந்த நிலத்தில் நின்று மேய்கிறது என்று ஒரு வரி கூட இல்லையே?

வெயில் தாங்கும், உண்ணிக்கு அசராது, காய்ந்த புல்லைத் தின்றே உடம்பு வைக்கும். நாம் மெச்சுகிற இந்தக் குணங்கள்தான் அமேசானுக்கு வினையாகப் போயின. காட்டை வெட்டி, மழையில்லாத ஆகஸ்ட், செப்டம்பரில் தீ வைத்து, சாம்பல் மேல் ஆப்பிரிக்கப் புல் விதையைத் தூவி நாலு மாட்டை ஓட்டி விட்டால், ‘இது என் அனுபோகத்தில் இருக்கும் நிலம்’ என்று சொல்ல அந்த மாடே சாட்சி. ஒரு ஹெக்டேருக்குச் சுமார் ஒரு மாடு, அவ்வளவுதான். பலருக்குக் கறியைவிட நிலத்தில்தான் காசு. சில வருஷத்தில் புல் தேய்ந்ததும் சோயா போடுகிறவருக்கு விற்றுவிட்டு இன்னும் உள்ளே போய் வெட்டுவார்கள்.

புதிதாக அழித்த அமேசான் காட்டில் விளைந்த சோயாவை வாங்கமாட்டோம் என்று 2006-இல் பெரிய வியாபாரிகள் ஒப்புக்கொண்டார்கள், பலனும் இருந்தது. ஆனால் பக்கத்தில் இருக்கும் செராடோ என்ற புல்வெளிக் காட்டுக்கு அது பொருந்தவில்லை. அமேசான் காட்டில் சொந்த நிலமே ஆனாலும் 80 சதவீதத்தைக் காடாக விடவேண்டும் என்கிற சட்டம், செராடோவின் பெரும்பகுதியில் 20 சதவீதம் போதும் என்கிறது. புல்லும் புதரும்தானே என்ற இளக்காரம்! அங்கே மரம் குட்டை, வேர் ஆழம். பெரிய ஆறுகள் பலவும் அங்கேதான் பிறக்கின்றன. ஏறக்குறைய பாதி அழிந்துவிட்டது.

இதைச் சொன்னதும் ‘அதனால்தான் மாட்டுக்கறி கூடாது’ என்று சிலர் கிளம்புவார்கள். அவர்களுக்கு ஒன்று: நம் ஊரில் கறிக்குப் போவது பெரும்பாலும் வயதான மாடும் பால் வற்றிய எருமையும், அதற்காக யாரும் இங்கே காட்டைக் கொளுத்தவில்லை. எங்கள் காங்கயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் மாடும் தலைமுறை தலைமுறையாக ஒன்றாகத்தான் இருக்கின்றன (மனை போட்டு விற்கிறவர்கள் வரும்வரை).

அப்புறம், கறியே தொடாத வீட்டிலும் சோயா எண்ணெய் இருக்கிறது. நம் நாடு அதைப் பெரும்பாலும் அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்துதான் வாங்குகிறது. எங்கள் வீட்டு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாக்கெட் போட்ட ஊர் இருக்கிறது, சோயா விளைந்த இடம் இல்லை. அடுத்த கட்டுரையை அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், காங்கயம்