மலையிறங்கும் முன் தமிழையாவுக்கு

அன்புள்ள ஐயா,

ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வில் சேலத்திலேயே ஒரு பள்ளியை எடுத்துவிட்டேன். செய்தி உங்களுக்கு வந்திருக்கும். அதைக் கேட்டு, மலையை விட்டு இறங்குகிறேன் என்று நீங்கள் குறை சொன்னதும் என் காதுக்கு வந்துவிட்டது. பொதுவில் எழுதுகிறாளே என்று கோபிக்காதீர்கள். வேலிக்கு அப்பால் ஆள் நிற்பது தெரிந்தே பேசும் தலைவியை எனக்கு அறிமுகப்படுத்தியவர் நீங்கள்தான்.

ஏற்காட்டுக்கு ஆசிரியையாக வந்த புதிதில் உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு. திணை, துறை, சொற்பொருள் எதையும் நீங்கள் தொடவில்லை. ‘நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று, நீரினும் ஆரளவின்றே’ என்பதை மட்டும் பலகையில் எழுதி, எது என்று கேட்டீர்கள். கடவுள் என்றாள் ஒருத்தி. தாயன்பு என்றான் ஒருவன். எல்லாம் ஆசிரியரைக் குளிர்விக்கும் பதில்கள். காபித் தோட்டத்துப் பையன் ஒருவன் எழுந்திருக்காமலே, “கடன், ஐயா” என்றான். வகுப்பே சிரித்தது, நான் உட்பட. நீங்கள் சிரிக்காமல் கடவுளுக்குக் கீழே கடனையும் எழுதினீர்கள்.

பிறகுதான் மிச்சத்தை எழுதினீர்கள். மலைச்சாரலில் கரிய கொம்புடைய குறிஞ்சியின் பூக்களைக் கொண்டு பெருந்தேன் உருவாகும் நாட்டுக்காரன்; அவனோடு கொண்ட நட்பு. நிலம், வானம், கடல் எல்லாவற்றையும் அளந்து முடித்து, எது பெரிது என்பதைக் கடைசிச் சொல்வரை தலைவி ஒளித்து வைத்திருக்கிறாள். தோழி அவனைக் குறை சொல்கிறாள், இவள் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள், அவனோ வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றீர்கள். அத்தனை தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. என் வகுப்பிலும் ஒருமுறை அப்படித் திரும்பாதா என்றுதான் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தினமும் ஏறினேன். சில நாள் திரும்பவும் செய்தன.

ஆனால் நீங்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்டீர்கள். கடன் என்று சொன்ன பையன் தமிழில் தவறினான். துணைத்தேர்வுக்குப் பணம் கட்டியதும், மாலையில் உட்காரவைத்து சொல்லும் பொருளும் ஒப்பிக்க வைத்ததும் நான். தேர்ச்சி விழுக்காட்டுக் கூட்டங்களில் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். இதைப் படிப்பவர்களில் பணியில் இருப்பவர்கள் உண்டு. நானும் இருக்கிறேன்.

மனப்பாடப் பகுதியை நீங்கள் கேலி செய்வீர்கள். அதில் எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை, ஐயா. பொருள் புரியாமல் ஒப்பித்த வரிதான் பல பிள்ளைகளிடம் தங்கியிருக்கிறது; புரிவது பின்னால், கல்யாணமான பிறகுகூட வரலாம். நீங்கள் விளக்கிய அழகெல்லாம் மணி அடித்ததும் அவர்களோடு வெளியே போனதா என்று யார் பார்த்தது?

குறிஞ்சித் திணையின் உரிப்பொருளை, மலைநிலப் பாட்டுகளுக்கு உரிய காதல் ஒழுக்கத்தை, சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்ளும் ஆசிரியர்களைப் பற்றியும் சிரிப்பீர்கள். ‘புணர்தலும் புணர்தல் நிமித்தமும்’ என்று ஒரு பெண் வகுப்பில் நிமிர்ந்து நின்று சொல்லிவிட்டு, மறுநாள் அதே ஊர்க் கடைத்தெருவில் நடந்து பார்க்கட்டும். அந்தச் சிரிப்பு ஆண் ஆசிரியருக்கு மலிவாகக் கிடைக்கிறது.

இதைச் சொல்ல இத்தனை ஆண்டு ஆனதற்கு மன்னியுங்கள். இறங்குவதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். மாமியார் படுக்கையில் இருக்கிறார், கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் அவருக்கு இரவுச் சோறு ஊட்ட வீட்டில் ஆளில்லை. இது சாக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் உண்மை: உங்கள் குரலில் கேட்ட அந்தப் பாட்டை என் குரலில் கேட்க எனக்கே வெகுநாள் பிடிக்கவில்லை. இப்போதும் முதல் வரியில் நீங்கள் நிறுத்தும் இடத்தில்தான் நிறுத்துகிறேன்.

குறுந்தொகையின் 401 பாட்டுகளில் வகுப்புக்கு ஆகும் பாட்டுகளை நீங்கள் குறித்துவைத்த நோட்டை நகல் எடுத்து, புதிதாக வருகிறவருக்காகப் பள்ளியில் வைத்திருக்கிறேன். அசல் என்னோடு சேலம் அஸ்தம்பட்டிக்கு வருகிறது. வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பேனா என்று தெரியவில்லை.