திங்கள்கிழமை விமானமும் 189 நோட்டீசும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கன்சல்டிங் வேலையை, அதாவது கம்பெனிகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் வேலையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் அந்த வேலையில் இருந்தவர் இல்லை என்பது இரண்டாவது பாராவிலேயே தெரிந்துவிட்டது. பெரிய ஓட்டல், விமானப் பயணம், கை நிறையச் சம்பளம்... சரி, அதெல்லாம் பொய் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டுப் பிள்ளையை அதில் சேர்த்துவிடத் துடிக்கிற பெற்றோர்கள் மிச்சத்தையும் தெரிந்துகொள்ளட்டும். ஜோகன்னஸ்பர்க்கில், சாண்ட்டனில், அப்படி ஒரு நிறுவனத்தில் ஒன்பது வருஷம் இருந்தவன் நான். அதன் பெயர் வேண்டாம்.

திங்கள்கிழமை விடியுமுன் எழுந்து டர்பனுக்கு முதல் விமானம் பிடிப்பேன், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலேதான் பறக்கும், வியாழன் ராத்திரி வீடு திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். வெள்ளிக்கிழமை டைம்ஷீட். வாரத்தின் ஒவ்வொரு அரை மணி நேரமும் எந்த கிளையன்டுக்கு, எந்த வேலைக்குப் போனது என்று அதற்குரிய கோடு நம்பரோடு எழுத வேண்டும். அதில் எவ்வளவுக்குப் பில் போட முடிந்தது என்பதுதான் உங்கள் மரியாதை. பிராஜெக்ட் இல்லாமல் ஆபீசில் உட்கார்ந்திருப்பதற்கு 'பெஞ்ச்' என்று பெயர். ஒரு மாசம் பெஞ்சில் இருந்து பாருங்கள், லிஃப்ட்டில் சிரித்துப் பேசியவர்கள் எல்லாம் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-ல், இன்வெர்ட்டர் வெளிச்சத்தில் ராத்திரி ஒரு மணிக்கு, ஒரு ஸ்லைடில் அம்புக்குறி பச்சையா நீலமா என்று மேனேஜரோடு வாதாடியிருக்கிறேன்.

அப்புறம் ஊர்ப்பேச்சு. இங்கே அரசு மின் நிறுவனமான எஸ்காம் விவகாரத்தில் மெக்கின்சி என்ற கன்சல்டிங் நிறுவனம் 2018-ல் சுமார் 100 கோடி ராண்டைத் திருப்பிக் கொடுத்தது, வரித் துறை விவகாரத்தில் பெயின் என்ற இன்னொரு கன்சல்டிங் நிறுவனத்தை நுஜென்ட் விசாரணைக் கமிஷன் கிழித்துத் தொங்கவிட்டது. நான் இருந்தது அந்த இரண்டிலும் இல்லை. இருந்தாலும் இந்தியர்கள் அதிகம் வாழும் லெனேசியாவில் கோயில் பந்தியில் உட்கார்ந்தால், "நீங்களும் அந்தக் கூட்டம்தானா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாம்பார் ஊற்றுவார்கள்.

அதைக்கூடச் சிரித்துக்கொண்டே சமாளிக்கலாம். எனக்கு மறக்காதது வேறொன்று.

டர்பனுக்குத் தெற்கே ஒரு தொழிற்சாலை. ஸ்டோர்ஸில் 27 வருஷமாக ஓர் அண்ணா, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்காரர். கரும்புத் தோட்டத்துக்கு வந்த பாட்டன்களின் தமிழில் அவரிடம் மிஞ்சியது 'தம்பி'யும் சில சாப்பாட்டுப் பெயர்களும்தான், மீதியெல்லாம் இங்கிலீஷ். முதல் நாள் டீ நேரத்திலேயே எங்கே காசு ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டார். ஒரே பேரிங்கை இரண்டு டிபார்ட்மெண்டும் இரண்டு வேறு நம்பரில் வாங்குகின்றன, பாதி அலமாரியிலேயே துருப்பிடிக்கிறது. சொன்னதோடு நிற்காமல், சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்த பழைய நோட்டையும் காட்டினார். பதினொரு வாரம் கழித்து நாங்கள் அதையே எழுபது ஸ்லைடில் சொன்னோம், நிர்வாகம் கைதட்டியது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதேதான். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அவர் வருஷக்கணக்காக இதைச் சொல்லியும் யாரும் காது கொடுக்கவில்லை, கோட்டுப் போட்டவன் சொன்னதும் கேட்டார்கள்.

மூன்று மாசத்தில் அங்கே 189 வந்தது. தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189-வது பிரிவு, ஆட்குறைப்புக்கு முன் கொடுக்க வேண்டிய நோட்டீஸ். இங்கே அந்த நம்பரைச் சொன்னாலே போதும், வயிற்றில் புளி கரையும். எங்கள் எக்ஸெல்லில், குறைக்க வேண்டிய இடங்களில், 'ஸ்டோர்ஸ், 3 பணியிடம்' என்று ஒரு வரி உண்டு. அதை டைப் செய்தது நான்தான்.

அண்ணா எனக்குப் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "தம்பி, நீ கணக்குத் தெரிந்தவன், இவர்கள் போட்ட செட்டில்மெண்ட் சரியா என்று பார்த்துச் சொல்" என்றார். சட்டப்படி, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம், அதன்படி 27 வாரம் சரியாக இருந்தது. எடுக்காத லீவுக்கான காசை விட்டிருந்தார்கள், கேட்டு வாங்கச் சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அரை மணி நேரம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை டைம்ஷீட்டில் அதற்கு எந்தக் கோடு நம்பரும் இல்லை. 'நிர்வாக வேலை' என்று போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
ஜோகன்னஸ்பர்க்