கீழறையில் படுக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

நாளைக் காலை அக்கா காரோடு வந்துவிடுவாள். வாடகைக்கு வந்து தங்குகிறவர்கள் பத்து மணிக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று நீ கதவில் ஒட்டியிருக்கிறாய். பெற்ற தாய்க்கும் அதே சட்டம்தானே. பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாயிற்று, குப்பையைப் பிரித்து வைத்தாயிற்று. தூக்கம்தான் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வீடு நன்றாக இருக்கிறது. இங்கிலாந்தில், டூக்ஸ்பரியில் ஆற்றங்கரையில் என் மகன் வீடு வாங்கியிருக்கிறான் என்று பாளையங்கோட்டையில் ஒருவரை விடாமல் சொன்னவள் நான். அது பொய்யாகவில்லை. மாடிப்படி உத்தரத்தில் இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டேன். எனக்கே இடிக்கிறது என்றால் உனக்கு எப்படியோ! சமையலறைத் தரை ஆற்றுப் பக்கமாகச் சரிகிறது. எலுமிச்சம்பழம் கை தவறினால் நேரே கொல்லைக் கதவுக்குப் போய்விடுகிறது. பழைய கட்டடம், அரசாங்கப் பட்டியலில் இருக்கிறது, ஜன்னலை மாற்றக்கூட அனுமதி கேட்கவேண்டும் என்றாய். சரி, ஜன்னலை விடு. கீழறையில் ஈரம் ஏறுகிறது, அதைப் பார். சுவரைத் தொட்டால் கை சில்லென்கிறது.

அபேக்கு, அந்தப் பழைய மடத்துக் கோவிலுக்கு, நான்கு நாள் போனேன். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது இந்த ஊர் ஜனங்கள் 453 பவுண்டு கொடுத்துக் கோவிலைத் தங்களுக்கென்று வாங்கிக்கொண்டார்களாம். முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியும் எனக்கு இது தெரியாது. 1471 மே 4 அன்று இந்த ஊரில் நடந்த சண்டையில் செத்த இளவரசன் எட்வர்டு அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறான். வயது 17, ராணி மார்கரெட்டுக்கு ஒரே பிள்ளை. அவனுக்காகத் தரையில் ஒரு பித்தளைத் தகடு. அண்ணாந்து பார்த்தால் கூரையில் தங்கச் சூரியன்கள், வென்றவனுடைய சின்னம். அந்த அம்மாள் அதைப் பார்க்க நேர்ந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். தேர்வுக்கு மார்கரெட்டைப் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்டிருக்கிறேன். அவளை ஒரு தாயாக ஒருநாளும் நினைத்ததில்லை.

பக்கத்துச் சந்தில் இருக்கும் வயதான அம்மாள் 2007 ஜூலை வெள்ளத்தைப் பற்றிச் சொன்னாள். செவர்ன் ஆறும் ஏவன் ஆறும் இங்கே கூடுகின்றன, இரண்டும் ஏறினால் ஊர் எங்கே போகும்? சுற்றிலும் தண்ணீர், நடுவில் அபே மட்டும் தீவாக நின்றதாம். அதைவிடப் பெரிய கூத்து, குடிநீர் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து, மூன்றரை லட்சம் பேர் குழாயில் தண்ணீர் இல்லாமல் இரண்டு வாரம் வரை லாரிக்கும் பாட்டிலுக்கும் வரிசையில் நின்றது. நம் குறுக்குத்துறை முருகனாவது பழகியவர். வெள்ளம் வந்தால் உற்சவரை மேலே கொண்டுபோய்விடுவார்கள், மூலவர் தண்ணீருக்குள் இருந்துகொள்வார். நீ மூலவர் இல்லை, தம்பி. கீழறையில் படுக்காதே.

விருந்தாளிகள் நோட்டைப் படித்தேன். கத்தி மழுங்கியிருக்கிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள், கத்தியை மாற்று. வருஷத்தில் 140 நாள் வாடகைக்குத் திறந்து வைத்து, 70 நாளாவது ஆள் தங்கினால்தான் வியாபாரமாகக் கணக்கு என்று நீதான் சொன்னாய். டீச்சர் புத்தி, எண்ணிப் பார்த்தேன். நவம்பர் 8 அன்று ஒரு குடும்பம் நன்றி எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு ஈஸ்டர் வரை ஒரு வரி இல்லை. குளிர்காலத்தில் யார் வருவார்கள் என்று நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஆள் இல்லாத வீட்டில் ஹீட்டர் பக்கத்துக் கொடியில் ஒரு ஜோடி சாக்ஸ் எப்படிக் காய்ந்தது?

படிக்கு அடியில் பூட்டியிருக்கும் அலமாரியைத் திறந்தேன். கோபித்துக்கொள். சாவியைக் காப்பித்தூள் டப்பாவில் வைப்பது உன் அப்பா பழக்கம், எனக்குத் தெரியாமல் போகுமா? உன் சட்டைகளையும் சுருட்டிய மெத்தையையும் பார்த்தேன். அதைக்கூடப் பேசாமல் மூடியிருப்பேன். அதன் மேல் தட்டில் இட்லிப்பொடி இருந்தது. தை மாதம் எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பியது, இரண்டு பொட்டலம். ஒன்றில் உன் பெயர். இன்னொன்றில் 'காரம் குறைவு' என்று எழுதி, மருமகளுக்கும் பாப்பாவுக்கும் என்று அனுப்பினேன். உன்னுடையது அடிவரை தீர்ந்து ஸ்பூன் கிடக்கிறது. அவர்களுடையது பிரிக்கவே இல்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மருமகளுக்கு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. வேலையாக இருப்பாள். பாப்பாவை மட்டும் ஒரு தடவை பார்க்கவேண்டும் போலிருக்கிறது. நீ எத்தனை தடவைதான் 'பள்ளிக்கூடம் இருக்கிறது அம்மா' என்பாய்? சனிக்கிழமையிலுமா? என்னிடமே ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே உனக்கு.

இதை எழுதிவிட்டு அடித்துவிடலாம் என்று பேனாவைக் கீழே வைத்தேன். முடியவில்லை. உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தானே. 1992 நவம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது சங்கரன்கோவில் மாமா வீட்டுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? நம் வீட்டில் வெள்ளம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. நாம் பங்குனி வரை அங்கேயே இருந்தோம். உன் அப்பாவும் நானும் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் அந்த வெள்ளம். யார் கேட்டாலும் வீட்டில் தண்ணீர் நிற்கிறது என்று சொல்லச் சொன்னேன். உனக்கு எட்டு வயது. பொங்கல் கழிந்து ஒருநாள் புதுப் பள்ளிக்கூடத்து டீச்சர் மாமாவிடம் வந்து, 'இந்தப் பிள்ளை இன்னும் வெள்ளம் வடியவில்லை என்கிறானே, நிஜமா?' என்று கேட்டாராம். மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான்கைந்து மாதம் நீ காத்த அந்தப் பொய்யைப் பற்றி இன்றுவரை உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தப்பு என்னுடையதுதான்.

அக்காவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் 20 வரை அவள் வீட்டில்தான் இருப்பேன். வந்தால் வா, வராவிட்டால் ராத்திரி போனாவது செய்.

இந்தக் கடிதத்தை அலமாரியில் சட்டைகளுக்கு மேல் வைக்கிறேன். சாவி பழைய இடத்தில். பிரிக்காத பொட்டலத்தை நான் எடுத்துப்போகவில்லை.

மாடிக் கட்டிலில் வெள்ளை விரிப்பு கசங்கிவிடும், வருகிறவர்களுக்கு மறுபடி துவைக்கவேண்டும் என்றுதானே கீழே படுக்கிறாய்? கசங்கட்டும். மாடியில் படு. நான் வந்து துவைத்துத் தருகிறேன்.

அம்மா