பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எலிக்காய்ச்சலுக்கும் பத்து நிமிடம் தாருங்கள்

வன்னிக் கமக்காரர் அமைப்புகளின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம். காலபோகத்துக்கு முன் நீங்கள் கூட்டும் கூட்டத்தில் எத்தனையோ விடயம் முடிவாகிறது. எந்தத் திகதிக்குள் விதைப்பது, மாடுகளை எப்போது கட்டுவது, வாய்க்கால் துப்புரவில் யாருக்கு எவ்வளவு பங்கு. அதே கூட்டத்தில் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கும் குளிசைக்கும் ஒரு நாள் குறியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். அதற்கு முதல் ஒரு கமக்காரனின் மகள்.

சில வருடங்களுக்கு முன் என் சித்தப்பா வரம்பு கட்டி முடித்துப் பத்தாம் நாள் காய்ச்சலில் படுத்தார். வேலை அலுப்பு என்றார். முதல் நாள் மருந்தெடுத்த இடத்தில், "வயலுக்குப் போனனீங்களோ?" என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பனடோலோடு வந்து படுத்துவிட்டார். கெண்டைக்காலைத் தொடவிட மாட்டார், அவ்வளவு நோ. கண் இரண்டும் சிவந்திருந்தன, ஆனால் பீளை இல்லை. நான்காம் நாள் சலம் போவது குறைந்தபோதுதான் பயந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டோடினோம். பல நாள் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துதான் ஆளைத் திருப்பித் தந்தார்கள். கட்டிலருகில் இருந்தபோது அவருடைய காலைப் பார்த்தேன். குதியில் ஒரு ரூபாய்க் குற்றியைச் செருகினால் நிற்கும் பித்தவெடிப்பு, விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். கிருமிக்கு அதைவிட அகலமான வாசல் தேவையில்லை.

அந்தக் கிருமியின் பெயர் லெப்டோஸ்பைரா. திருகிய நூல் மாதிரி இருக்கும், நுனி கொக்கிபோல வளைந்திருக்கும். எலியின் சிறுநீரகத்தில் எலிக்கு ஒரு கேடும் செய்யாமல் குடியிருந்து, அதன் சலத்தோடு வயல் தண்ணீரில் இறங்கும். மாடும் நாயும்கூட இதைக் காவும். காயத்தாலோ, ஊறிய தோலாலோ, கண், வாய், மூக்காலோ எங்கள் இரத்தத்துக்குள் வந்துவிட்டால் சின்னச் சின்ன இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பழுதாக்கும். சிறுநீரகம், ஈரல், சுவாசப்பை என்று எல்லாமே ஒரே நோயில் அடிபடுவது அதனால்தான். கண் மஞ்சளாவது எல்லோருக்கும் வராது. மஞ்சள் வரட்டும் பார்ப்போம் என்று இருந்தவர்களில் சிலர் இன்று இல்லை.

பரிசோதனையை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. நாங்கள் இரத்தத்தில் தேடும் எதிர்ப்புப்பொருள் உருவாக ஒரு வாரமளவில் ஆகும். மூன்றாம் நாள் "இல்லை" என்று வந்தாலும் நோய் இருக்கலாம். "சேற்றில் இறங்கினேன்" என்று நோயாளி சொல்லும் சொல்லை வைத்துத்தான் வைத்தியர் அப்போதே மருந்தைத் தொடங்கலாம். 2024 டிசெம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் காய்ச்சலில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தபோது முதலில் மர்மக் காய்ச்சல் என்றுதான் பேசினார்கள். பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது.

குளிசை வேலை செய்யுமா என்று கேட்பீர்கள். பனாமாக் காட்டில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படையினர் 940 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1984 இல் வெளியானது. வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் என்ற மருந்தை எடுத்தவர்களில் ஒரேயொருவருக்கும், மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களில் 20 பேருக்கும் நோய் வந்தது. இங்கே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அதே மருந்து இலவசம். வயலில் இறங்குமுன் தொடங்கி, சேற்று வேலை முடியும் வரை வாரத்துக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு எடுக்கவேண்டும். எடுத்தவுடன் படுக்கக் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், பிள்ளைகளுக்கு இது கூடாது. ஆகவே கடையில் வாங்கிப் பங்கு போடாமல் பணிமனை வழியாகத்தான் கொடுக்கவேண்டும். குளிசை எடுத்தவருக்கும் காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

மருந்து இருக்கிறது, ஆனால் பணிமனைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் சனம் போவதில்லை. நீங்கள் கூட்டத் திகதி குறித்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தால் அவர் கூட்டத்துக்கே வரலாம். பெயர்ப்பட்டியலை நீங்கள் கொடுங்கள். அதில் அங்கத்தவர்களை மட்டும் எழுதாதீர்கள். முழங்கால் சேற்றில் நிற்பவர்களில் பலர் உங்கள் பதிவேட்டில் இல்லாத கூலியாட்கள். உழவு இயந்திரம் ஓட்ட வரும் பொடியன், களை பிடுங்க வரும் அக்காமார், வாய்க்கால் வெட்ட வருபவர்கள், எல்லோருடைய பெயரும் அந்தப் பட்டியலில் வேண்டும்.

இப்படிக்கு,
வன்னிக் கமக்காரன் ஒருவரின் மகள்